மாஸ் படத்துக்குக் கதை எழுதுவது எப்படி: ராயக்கோட்டைத் தக்காளி லாரியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய ஹீரோ படம் ரிலீஸாகும் வாரம் என்றால், தருமபுரியில் என் ஃபிளெக்ஸ் கடையில் ராத்திரி ரெண்டு மணி வரை மெஷின் ஓடும். ஹீரோவுக்குப் பின்னால் சிங்கம் வேண்டும் என்பார்கள், நெருப்பு வேண்டும் என்பார்கள், கீழே வரிசையாகத் தங்கள் பாஸ்போர்ட் சைஸ் முகங்களும் வேண்டும் என்பார்கள். அப்படி வந்த பாலக்கோட்டுப் பையன் ஒருவன், பேனர் அச்சாகிக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தான். “ண்ணா, நீங்க சினிமாவுல இருந்தீங்களாமே. நான் ஒரு மாஸ் கதை வச்சிருக்கறேன். கேக்கறீங்களா?”

சென்னையில் ஆறு வருஷம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். கதை கேட்கச் சொன்னால் மாட்டேன் என்று வாய் வராது. கேட்டேன். ஹீரோ ஒரு குடோனுக்குள் ஜீப்பை விட்டு உடைத்துக்கொண்டு வருகிறான். முப்பது பேரை அடிக்கிறான். கூலிங் கிளாஸைச் சுழற்றி மாட்டுகிறான். வசனம் பேசுகிறான். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன்: “அவன் அடிக்கறப்ப யாருப்பா பாத்துக்கிட்டு இருக்காங்க?”

பையன் முழித்தான். “யாருமில்லீங்கண்ணா. குடோன் பூட்டியிருக்குது.”

கதை அங்கேயே படுத்துவிட்டது. முப்பது பேரை அடிப்பதில் ஒன்றுமில்லை, அதை ஸ்டண்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். அடித்ததைப் பார்த்த ஒரு கிழவியின் வாய் பிளக்க வேண்டும், ஒரு பள்ளிக்கூடப் பையன் பையைக் கீழே போட வேண்டும், அலட்சியமாக உட்கார்ந்திருந்த வில்லனின் ஆள் ஒருவன் நாற்காலியை விட்டு எழ வேண்டும். மாஸ் என்று நாம் சொல்வது அந்த முகங்களில்தான் உண்டாகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன். பாலக்கோட்டுப் பையனின் கதையையே எடுத்துக்கொண்டு, உடைத்துக் கட்டிக் காட்டுகிறேன்.

எழுதுவதற்கு முன்: திரைக்கு முதுகைக் காட்டுங்கள்

ஒரு ஸ்டார் படத்தை முதல் தடவை ரசிகனாகப் பாருங்கள். கத்துங்கள், பேப்பர் பறக்கவிடுங்கள். 2023 ஜனவரிக்கு அப்புறம் தமிழ்நாட்டில் விடிகாலைக் காட்சி கிடையாது, பெரிய படத்துக்கும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. ஓசூர்ப் பையன்கள் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்தில் விடியும் முன்பே பார்த்துவிட்டு, நமக்கு முன்னால் ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள். அந்த வயிற்றெரிச்சல் தனி.

ரெண்டாவது தடவை, நாலாம் நாள் மேட்னிக்குப் போங்கள். முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, பாதித் திரையையும் பாதி ஜனத்தையும் பாருங்கள். கையில் ஒரு நோட்டு. விசில் வந்த நிமிஷத்தைக் குறியுங்கள். அதைவிட முக்கியம், செல்போன் வெளிச்சம். இருட்டில் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று போன் எரிய ஆரம்பித்தால், திரையில் ஓடும் சீன் செத்துவிட்டது என்று அர்த்தம். எந்த விமர்சகரும் அவ்வளவு நேர்மையாகச் சொல்ல மாட்டார். நாலு படத்துக்கு இப்படிச் செய்தால் ஒன்று புரியும்: போன் எரிவது அநேகமாக இடைவேளை முடிந்து இருபது நிமிஷம் கழித்துத்தான். அது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

படி 1: ஒன்லைன்

ஒரு வரியில் கதையைச் சொல்லுங்கள். “நல்லவன் ஒருவன் கெட்டவனை எதிர்க்கிறான்” என்பது ஒன்லைன் ஆகாது, அது எல்லாப் படமும். நம் பையனுடையதைத் திருத்தி இப்படி வைத்துக்கொண்டோம்: சண்டைக்கே போகக் கூடாது என்று கட்டுப்பட்டிருக்கும் ஒரு தக்காளி லாரி டிரைவரை, சண்டைக்கு இழுத்தே தீருவது என்று ஒரு மண்டி முதலாளி நிற்கிறான்.

ஒன்லைனிலேயே ஒரு தடை இருப்பதைக் கவனியுங்கள். அடிக்க முடிந்தவன் அடிக்காமல் இருக்க வேண்டும். ஸ்டார் படத்தின் எஞ்சின் அதுதான். ஹீரோ ஜெயிப்பான் என்று டிக்கெட் வாங்கும்போதே ஜனத்துக்குத் தெரியும். எப்போது கை ஓங்குவான் என்பதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

படி 2: ஹீரோவுக்குத் தொழில் கொடுங்கள், கட்டும் கொடுங்கள்

பையனின் ஹீரோவுக்கு வேலையே இல்லை. ‘ஊரில் நல்லது செய்பவன்’ என்றான். நல்லது செய்வதற்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டால் சிரித்தான்.

எம்.ஜி.ஆர் காலத்திலிருந்தே ஹீரோ ஒரு தொழில்காரன். படகோட்டி, ரிக்‌ஷாக்காரன், விவசாயி என்று போஸ்டரைப் பார்த்தவுடன் தெரியும். அந்தத் தொழில் செய்கிறவன் எல்லாம் அன்றைக்குத் தியேட்டரில் ஹீரோவாக உட்கார்ந்திருப்பான். எங்கள் ஹீரோவுக்கு வேடியப்பன் என்று பேர் வைத்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு நாலு வேடி இருப்பார்கள். நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிற சீமை இது. ஊர் மாடுகளைக் கவர்ந்தவர்களிடமிருந்து மீட்டுச் செத்துப்போன வீரனுக்குக் கல் நட்டு, கையில் வில்லும் வாளும் செதுக்கி வைத்தார்கள். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். கட்அவுட் நாம் கண்டுபிடித்ததென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வேடி ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி ஏற்றி, பாலக்கோடு, தருமபுரி, தொப்பூர், சேலம் வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறான். அடுத்து கட்டு. பையன் ‘தங்கச்சிக்குச் செய்த சத்தியம்’ என்றான். நூறு படத்தில் வந்துவிட்டது. செய்தித்தாளில் தினம் வரும் ஒன்றை எடுத்துக்கொண்டோம்: நன்னடத்தைப் பிணை. இனி ஒரு வருஷம் வம்பு தும்புக்குப் போக மாட்டேன் என்று கோட்டாட்சியர் முன்னால் எழுதிக் கொடுப்பது. மீறினால் உள்ளே போக வேண்டியதுதான். தற்காப்புக்கு அடிக்கலாமே என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஸ்டேஷனில் வில்லனுக்கு வேண்டியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு சீன் வைத்துவிட்டால் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

சத்தியத்துக்கு முடிவு தேதி கிடையாது. பிணைப் பத்திரத்துக்கு உண்டு. படம் ஆரம்பிக்கும்போது பதினொரு நாள் பாக்கி. இதன் அருமை ஆறாம் படியில் தெரியும்.

படி 3: இன்ட்ரோ

இதற்குச் சென்னைக்குப் போக வேண்டாம். மகாபாரதக் கூத்து நடக்கும் ஏதாவது திரௌபதை அம்மன் கோயிலுக்கு ஒரு ராத்திரி போய் உட்காருங்கள், நம் ரெண்டு ஜில்லாவிலும் இதற்குப் பஞ்சமில்லை. துரியோதனன் நேராக நடந்து வந்து மேடையேற மாட்டான். ரெண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கைக் கால். உள்ளிருந்து குரல். மிருதங்கம் ஏறிக்கொண்டே போகும். கட்டியங்காரன் வெளியே நின்றுகொண்டு ‘யாருய்யா அது, இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்கிற தோரணையில் வம்பிழுப்பான். முகம் காட்டுவதற்குள் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். திரை விலகும்போது குழந்தைகள் அம்மா மடியில் முகம் புதைக்கும்.

இன்றைக்கு ஹீரோ இன்ட்ரோவில் என்ன செய்கிறார்கள்? முதலில் ஷூ. அப்புறம் கை, காப்பு, பின்கழுத்து. ஸ்லோமோஷன். பிஜிஎம். பக்கத்தில் ஒரு காமெடியன், ‘யார்னு தெரியாம கை வச்சிட்டீங்களேடா’ என்கிறான். அப்புறம் முகம். திரை பிடிக்கிறவர்கள் வேலையைக் கேமரா செய்கிறது, கட்டியங்காரன் வேலையைக் காமெடியன் செய்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். 1992-இல் ரஜினிகாந்த் நடித்த ‘அண்ணாமலை’யில் முதன்முதலாக வந்த சூப்பர் ஸ்டார் டைட்டில் கார்டை நினைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக எழுத்து சேரச் சேரத் தியேட்டர் கத்தும். அதுவும் ஒரு திரைதான், எழுத்தாலான திரை.

எழுதும்போது மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு முன்னால் அவன் தொழில் தெரியட்டும். வேடிக்கு ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு பிரேக் மிதிக்கும் ஷாட் போதும். ரெண்டாவது, அவனை அறிமுகப்படுத்துகிறவன் அவனைவிட எளியவனாக இருக்கட்டும், எங்கள் கதையில் லாரியின் கிளீனர்ப் பையன். மூன்றாவது, இன்ட்ரோவிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். வேடி இன்ட்ரோவில் யாரையும் அடிப்பதில்லை. பிரேக் போன லாரியை மேட்டில் ஏற்றி நிறுத்துகிறான். இறங்கி வந்து, பயத்தில் உறைந்திருக்கும் கிளீனரிடம் ‘தக்காளி நசுங்கிச்சா பாரு’ என்கிறான். திறமையைக் காட்டியாயிற்று, கைவரிசையை மூடி வைத்தாயிற்று.

படி 4: வில்லன்

கிருஷ்ணகிரிப் பக்கம் கதை என்றால் உடனே கிரானைட் குவாரி முதலாளியைப் பிடித்து வருவார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை கார், பின்னால் பத்துத் தடியன்கள். விட்டுவிடுங்கள். வில்லனுக்குத் தொழிலைவிட ஆசை முக்கியம், அதுவும் சின்னதாக, கேவலமாக, மனுஷத்தனமாக இருக்க வேண்டும். 2004-இல் வந்த ‘கில்லி’ 2024-இல் திரும்ப வெளியானபோது பிரகாஷ் ராஜ் வரும் இடமெல்லாம் ஹீரோவுக்குச் சமமாகக் கைதட்டல் விழுந்தது. ஊரையே நடுங்க வைக்கும் அந்த ஆளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு பெண் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான். அதனால்தான் அவரை மறக்க முடியவில்லை.

எங்கள் வில்லன் ராயக்கோட்டையில் மண்டி வைத்திருக்கிறான். தக்காளி விலை விழுந்தால் விவசாயிகள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த விலையை விழ வைக்கிறவன் இவன். ஆனால் இவன் ஆசை வேறு: எல்லோரும் தன்னை ‘ஐயா’ என்று கூப்பிட வேண்டும். எல்லோரும் கூப்பிடுகிறார்கள். வேடி மட்டும் ‘மொதலாளி’ என்கிறான். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, ஆனாலும் அந்த ஒரு வார்த்தை அவனைத் தூங்கவிடுவதில்லை. இந்த மாதிரி ஒன்று கிடைத்துவிட்டால், வில்லன் வரும் சீனையெல்லாம் அதுவே எழுதிக் கொடுத்துவிடும்.

படி 5: கதாநாயகி, அம்மா, காமெடியன்

இங்கே எல்லோரும் சோம்பேறித்தனம் பண்ணுகிறார்கள், நானும் பண்ணியிருக்கிறேன். கதாநாயகி நாலு பாட்டுக்கு வந்துவிட்டு இடைவேளைக்குப் பின் காணாமல் போவாள், கிளைமாக்ஸில் நாற்காலியில் கட்டிப்போடப்பட்டுத் திரும்ப வருவாள். ஒரு சின்னச் சோதனை: அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள். ஏதாவது ஒரு சீன் இடிந்து விழுந்தால் சரி. ஒன்றும் விழவில்லை என்றால் அவளுக்கு வேலை கொடுங்கள். நாங்கள் அவளைச் சந்தையில் எடை போடுகிறவளாக வைத்தோம். எடையில் எவ்வளவு அடிக்கிறார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அம்மா இருமக் கூடாது. காமெடியன் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன், அவன் கட்டியங்காரன்.

படி 6: இன்டர்வல் பிளாக்

இருக்கிற நேரத்தில் பாதியை இதற்கே செலவழியுங்கள். கதை கேட்கும் தயாரிப்பாளர் முதலில் கேட்பதே ‘இன்டர்வல் என்ன?’ என்றுதான். டீ வாங்கப் போகிற ஜனம் பேசிக்கொண்டே போக வேண்டும், அதுதான் கணக்கு.

இதற்குப் பாடப்புத்தகம் 1995-இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ‘பாட்ஷா’. ஆட்டோக்காரன் பொறுத்துப்போகிறான், பொறுத்துப்போகிறான், கம்பத்தில் கட்டி வைத்து அடித்தபோதுகூடப் பொறுத்துப்போகிறான். தங்கச்சி மேல் கை வைத்தபோது திருப்பி அடிக்கிறான். நிறையப் பேர் அந்த அடியை மட்டும் நகல் எடுக்கிறார்கள். அடிக்கும்போது தம்பி அங்கே நிற்கிறான் என்பதை விட்டுவிடுகிறார்கள். இத்தனை வருஷம் கூடவே இருந்தவனுக்கே அண்ணன் யாரென்று தெரியவில்லை. ‘நீ யார்’ என்ற கேள்வி அவன் வாயிலிருந்து வருவதால்தான் பின்னால் வரும் பம்பாய் ஃபிளாஷ்பேக் நிற்கிறது.

இனி வேடியின் இன்டர்வல். தொப்பூர்க் கணவாய், ராத்திரி. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்த இறக்கத்தைத் தெரியாத டிரைவர் இருக்க முடியாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் இரட்டைப் பாலத்துக்கிட்ட கவிழ்ந்த லாரிகளுக்குக் கணக்கே இல்லை. அங்கே வில்லனின் ஆட்கள் ரோட்டை மறித்து நிற்கிறார்கள். மணி 11:50. பிணைப் பத்திரம் முடிவது ராத்திரி 12 மணிக்கு.

வேடியை இறக்கி அடிக்கிறார்கள். அவன் கை ஓங்கவில்லை. பெட்டி பெட்டியாகத் தக்காளியைத் தூக்கி ரோட்டில் எறிந்து மிதிக்கிறார்கள். பின்னால் லாரிகள் வரிசையாக நிற்க ஆரம்பிக்கின்றன. டிரைவர்களுக்குப் பயம், ஹெட்லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிளீனர்ப் பையனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். 11:57. 11:58. வேடி கீழே விழுகிறான். அவன் முகத்துக்குப் பக்கத்தில் நசுங்கிய தக்காளி. பையன் அழுகிறான், கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அழுகிறான். 12:00. பையன் ஹாரனை அழுத்துகிறான், நீளமாக.

வேடி எழுந்து லுங்கியை மடித்துக் கட்டுகிறான். பின்னால் நிற்கும் லாரிகளில் ஒன்றின் ஹெட்லைட் எரிகிறது. அப்புறம் இன்னொன்று. கணவாய் முழுக்க வரிசையாக வெளிச்சம் ஏறுகிறது. முதல் அடி. இடைவேளை.

இதில் சண்டை என்று பார்த்தால் ஒரே ஒரு அடி. மிச்சமெல்லாம் கடிகாரம், ஹாரன், ஹெட்லைட். பார்க்கிறவர்கள் மூன்று தட்டு: கிளீனர், டிரைவர்கள், தியேட்டர். கிளீனருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் தியேட்டருக்கும் தெரியும் என்பதால், ஜனமும் அவனோடு சேர்ந்து கடிகாரத்தைப் பார்க்கும். இன்னொரு லாபமும் இருக்கிறது. ரோடு முழுக்கச் சிவப்பு, ஆனால் ரத்தம் ஒரு சொட்டு இல்லை. தணிக்கையில் வம்பே வராது.

படி 7: ஃபிளாஷ்பேக், அதன் பின்னால் வரும் பள்ளம்

ஃபிளாஷ்பேக் என்பது கடன் தீர்ப்பது. முதல் பாதியில் நீங்கள் வாங்கிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வேடி ஏன் பிணை எழுதிக் கொடுத்தான்? எடையில் அடித்ததைத் தட்டிக்கேட்டு ஒரு நாள் சந்தையில் கைகலப்பு. பத்து நிமிஷம் போதும். அரை மணி நேரம் இழுத்து, அதில் இன்னொரு கதாநாயகியும் இன்னொரு பாட்டும் வைப்பார்கள். அங்கேதான் போன் எரிகிறது. ஹீரோ யாரென்று தெரிந்துவிட்டது, வில்லன் யாரென்று தெரிந்துவிட்டது, இனி மோத வேண்டியதுதான் பாக்கி. அதைத் தள்ளிப்போடக் காரணம் இல்லாமல் தள்ளிப்போட்டால் ஜனம் வாட்ஸ்அப் பார்க்கும்.

இதற்கு வழி, இடைவேளையில் ஹீரோவுக்குக் கிடைத்ததையே அவனுக்கு எதிராகத் திருப்புவது. வேடி அடித்தான் அல்லவா? அடித்த முதல் அடி 12 மணிக்கு முன்னாலா, பின்னாலா? லாரி டேஷ்போர்டுக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகம் என்று வில்லனின் வக்கீல் கண்டுபிடிக்கிறான். இப்போது ஹெட்லைட் போட்ட டிரைவர்கள் சாட்சிக்கு வர வேண்டும். வருவார்களா? ரெண்டாம் பாதிக்கு வேலை கிடைத்துவிட்டது.

படி 8: சண்டைகள்

ஒரு பெரிய சண்டையை எடுக்கப் பத்து நாள்கூட ஆகும். எழுதும்போது நாம் ‘இங்கே ஒரு ஃபைட்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அப்படி எழுதாதீர்கள். எந்த இடம், கைக்குக் கிடைப்பது என்ன, சண்டை முடியும்போது எது மாறியிருக்கும் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒகேனக்கல் பரிசலில் சண்டை வைக்கலாமா என்று பையன் கேட்டான். வைக்கலாம், ஆனால் பரிசல் வட்டமாகச் சுற்றும், நின்று அடிக்க முடியாது, உட்கார்ந்துகொண்டுதான் அடிக்க வேண்டும். உட்கார்ந்தபடியே ஒரு சண்டை! அப்படி யோசித்தால்தான் இடத்துக்கு மதிப்பு. சும்மா அருவி பின்னால் கொட்டிக்கொண்டிருந்தால் அது காலண்டர்.

நாலு சண்டைக்கு மேல் வேண்டாம். ஒன்றாவது ஹீரோ தோற்கிற சண்டையாக இருக்கட்டும். ஸ்டார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பார்கள். ஒத்துக்கொள்வார், அடுத்த சண்டையை அதற்கு ஏற்ற உயரத்தில் எழுதியிருந்தால்.

படி 9: பஞ்ச் டயலாக்

நம்மூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு ஔவையார் செய்ததை விடப் பெரிய பஞ்ச் இதுவரை யாரும் எழுதவில்லை என்பது என் கட்சி. தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். புறநானூறு 95-ஆம் பாட்டில் ஔவை சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உன் வேல்களுக்கு மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி அழகாக வைத்திருக்கிறாய், எங்கள் ஆளுடைய வேல்கள் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் ஆரம்பித்து, எதிரி வீட்டிலேயே நின்று மிரட்டிவிட்டு வந்தாகிவிட்டது. தகடூர்க்காரன், அதாவது அதியமான், அந்த இடத்தில் இல்லவே இல்லை!

ஹீரோ தன்னைப் பற்றித் தானே பேசும் வசனத்தைப் பாதியாகக் குறையுங்கள். மற்றவர்கள் வாயில் வையுங்கள், எதிரியின் ஆள் வாயில் வந்தால் இன்னும் நல்லது. ஹீரோவுக்கு மூன்று, நாலு வார்த்தைக்கு மேல் வேண்டாம். பேச்சுவழக்கு நம்மூருடையதாக இருக்கட்டும். தருமபுரி டிரைவரை மதுரைக்காரன்போல் பேச வைத்தால் இங்கே எவனும் விசிலடிக்க மாட்டான்.

பாட்டு விஷயம் சுருக்கமாக. ஓப்பனிங் பாட்டு ஸ்டாருக்காக, அதை எதிர்த்துப் பிரயோஜனமில்லை. மிச்சப் பாட்டுகளில் ஒன்றாவது கதையை நகர்த்தட்டும். வெளிநாட்டு டூயட் வேண்டாம், கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் நாங்கள் பார்க்காத காதலா.

படி 10: கிளைமாக்ஸ்

திரும்பவும் கூத்துக்குப் போவோம். துகிலுரிதல் நடக்கும் ராத்திரி திரௌபதி கூந்தலை அவிழ்த்துச் சபதம் போடுகிறாள். பல ராத்திரி கழித்து, கடைசி நாள் பகலில் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள். ஊரே சுற்றி நிற்கும். படுகளத்தை ராத்திரி பூட்டிய குடோனில் நடத்தினால் எப்படியிருக்கும்? நம் கிளைமாக்ஸ்களில் பாதி அப்படித்தான் நடக்கின்றன. கைவிடப்பட்ட ஃபேக்டரி, காலி டிரம், தீப்பொறி. பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது.

வேடியின் கிளைமாக்ஸை விடிகாலை ராயக்கோட்டைச் சந்தையில் வைத்தோம். ஏலம் நடக்கும் நேரம். சாட்சிக்கு வரத் தயங்கிய டிரைவர்கள், ரோட்டில் தக்காளி கொட்டிவிட்டுப் போன விவசாயிகள், எடை போடும் கதாநாயகி எல்லோரும் இருக்கிறார்கள். சண்டை முடிந்து மண்டி முதலாளி கீழே கிடக்கும்போது, கதாநாயகி தராசைச் சரிசெய்து உண்மையான எடையைச் சத்தமாகச் சொல்கிறாள். கூட்டத்தில் ஒரு கிழவர் வேடியைப் பார்த்து ‘ஐயா’ என்று ஆரம்பிக்கிறார். வேடி வேண்டாம் என்று தலையாட்டுகிறான். இதைக் கீழே கிடப்பவன் பார்க்கிறான். அவனுக்கு அந்த அடிதான் பெரிய அடி.

படி 11: கணக்கு வழக்கு

ரெண்டு மணி நாற்பது நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். புகை, குடி காட்டினால் ஓரத்தில் எச்சரிக்கை வரும், உணர்ச்சியான சீனில் அது வந்தால் சீன் போச்சு. விநியோகத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஏரியாவில் சேரும். சில வாரத்திலேயே ஓடிடிக்குப் போய்விடுகிற காலத்தில் முதல் மூன்று நாள் வசூல்தான் படத்தின் தலையெழுத்து. அதனால் முதல் இருபது நிமிஷத்தை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

கதையை எழுதி முடித்ததும், யாரிடமும் சொல்வதற்கு முன் எழுத்தாளர் சங்கத்திலோ காப்புரிமை அலுவலகத்திலோ பதிந்துவிடுங்கள். நான் பதியாமல் ஒரு ஆபீஸில் ரெண்டு மணி நேரம் கதை சொன்னேன். கேட்டவர் முழு நேரமும் போனையே நோண்டிக்கொண்டிருந்தார். ரெண்டு வருஷம் கழித்து என் இன்டர்வல் மாதிரியே ஒன்றைத் தியேட்டரில் பார்த்தேன். போனை நோண்டுகிறவர்கள் காதைத் திறந்துதான் வைத்திருப்பார்கள்.

படி 12: டீக்கடையில் சொல்லிப் பாருங்கள்

நண்பர்களிடம் சொல்லாதீர்கள், சூப்பர் மச்சி என்பார்கள். பைபாஸில் லாரிகள் நிற்கும் டீக்கடை எதற்காக இருக்கிறது? நம் பையனை ஒரு சாயங்காலம் அங்கே கூட்டிப்போய், நாலு டிரைவர்களுக்கு டீ சொல்லிவிட்டு, ஆரம்பி என்றேன். அப்போது அவன் கதையில் வேடி சென்னைக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் சொன்னான். பிரேக் போன சீனில் ஒருவர் பீடியைப் பற்றவைக்காமலே வைத்திருந்தார். தொப்பூர் வந்தது, 11:50 ஆயிற்று, டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்தினார்.

“இரு இரு,” என்றார் மூலையில் இருந்த பெரியவர். “ராயக்கோட்டையில இருந்து மெட்ராஸ் போற லாரி கிருஷ்ணகிரி வழியா இல்ல போவும். தொப்பூருக்கு என்னாத்துக்குடா வந்தான்?”

கடையே சிரித்தது. பையன் நோட்டை மூடிவிட்டான். அடுத்த வாரம் லோடைக் கேரளாவுக்கு மாற்றிக்கொண்டு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான். பெரியவரும் இருந்தார். இந்தத் தடவை 12 மணி அடித்து ஹாரன் வரைக்கும் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்லைட் எரியும் இடத்தில் மட்டும், “மொத லைட்டு என்னுதா இருக்கட்டும்,” என்றார்.